தங்க மூடி

“முகத்துக்குத்தானேம்மா?” என்று கேட்டுக்கொண்டே விற்பனைப் பெண் வட்டக் கண்ணாடியை அந்த அம்மாளின் பக்கம் திருப்பினாள். அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மேல்தட்டில், தனி விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த தங்க மூடி ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோலுக்குத்தான் பாப்பா. இருக்கறதுலயே எது உசத்தியோ அதக் காட்டு.”

மேல்தட்டு ஜாடியை யாரும் அப்படி நேராகக் கேட்பதில்லை. விற்பனைப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், சாயம் போன சாம்பல் நிறச் சீருடை, ரப்பர் செருப்பு, கிட்டே வந்தால் பிளீச்சிங் பவுடர் வாடை.

பக்கத்துக் கவுன்ட்டரில் சென்ட் விற்பவள் கண்ணைச் சிமிட்டினாள். தங்க மூடி விற்று இரண்டு மாதம் ஆகிறது. அன்று காலை பின்வாசல் வருகைப்பதிவு மிஷினில் கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே வருவதற்குள்ளாகவே மேலாளர் விற்பனைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத் தாமதத்தையும் இரண்டு மாத மந்தத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டி முடித்தார்.

விலையைச் சொன்னதும் அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போலத் தன் கதையைச் சொன்னாள்.

ஒரு பெரிய ஓட்டலில் குளியலறை கழுவும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். பத்து நாளைக்குள் தோலைச் சரிபண்ணிக்கொண்டு வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டானாம். ஆறு நாள் போய்விட்டது.

“அவன் நல்ல பையன்தான் பாப்பா. அவன் கையிலயும் ஒண்ணும் இல்லையாம். மேல இருந்து உத்தரவு.”

கக்கூஸ் கழுவ வருகிறவளுக்கும் முகம் மினுங்க வேண்டுமா என்று சென்ட் விற்பவள் முணுமுணுத்தாள். ஓட்டலில் தங்க வருகிறவர்களின் கண்ணில் பட வேண்டியிருக்கும் அல்லவா, அதற்குத்தான் இருக்கும் என்றாள் விற்பனைப் பெண்.

வழக்கப்படி, மாதிரி ஜாடியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கன்னத்தில் வைக்கப் போனாள். அந்த அம்மாள் சட்டென்று பின்வாங்கி, வலது கட்டைவிரலை நீட்டினாள்.

“இதுல தடவு, போதும்.”

கூச்சப்படுகிறவர்கள் புறங்கையைக் காட்டுவார்கள். கட்டைவிரலை யாரும் காட்டியதில்லை. நாலு பேர் நடுவில் முகத்தைத் தொட விட வெட்கம் போல என்று நினைத்துக்கொண்டு விற்பனைப் பெண் தடவிவிட்டாள். க்ரீம் ஊறியதும் அந்த அம்மாள் விரலை விளக்குக்கு நேரே தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள்.

“நீ இத வாங்கிப் போடுவியா பாப்பா? உள்ளதச் சொல்லு.”

இந்த வேலைக்கு வந்த மூன்று வருடத்தில் யாரும் விற்பனைப் பெண்ணை இப்படிக் கேட்டதில்லை. மேலாளர் தூரத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். விலையில் பாதி மூடிக்கும் விளக்குக்கும் போகிறது, மருந்துக்கடையில் விற்கும் வெள்ளை ட்யூப் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது, தானே அதைத்தான் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். “வெள்ளை ட்யூப் மூணு தீந்துபோச்சு. எண்ணெய் தேச்சு துணி சுத்திக்கிட்டுப் படுத்தும் பாத்தாச்சு. ஒண்ணுக்கும் கேக்கல. காச விட்டெறிஞ்சா கேக்குமோன்னுதான் இங்க வந்தேன்.”

விற்பனைப் பெண்ணுக்கு வாங்கு என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்காதே என்று சொன்னால் இந்த அம்மாளுக்கு வேறு போக்கிடமும் இல்லை. அதற்குள் மேலாளர் கவுன்ட்டரை நோக்கி நடந்து வந்தார். அவள் வாய் தானாகவே மனப்பாடப் பாட்டுக்குத் தாவியது.

“இருபத்தெட்டே நாள்மா. தோல் பச்சக் கொழந்தையோடது மாதிரி ஆயிடும். ஒரு கோடு, ஒரு சுருக்கம் மிச்சம் இருக்காது. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடும்.”

மேலாளர் திருப்தியாகக் கடந்து போனார். பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது.

“இருக்கற கோடும் போயிடுமா?”

“சுத்தமாப் போயிடும்மா.”

அந்த அம்மாள் ஜாடியை ஏதோ சுடுகிற பாத்திரத்தைத் தள்ளுவதுபோல மெல்ல அப்பால் தள்ளினாள். பிறகு இரண்டு கைகளையும் விளக்குக்குக் கீழே விரித்துக் காட்டினாள். பத்து விரல் நுனிகளும் தேய்ந்துபோன சோப்புக்கட்டிபோல வழவழவென்று மின்னின.

“கோடு திரும்ப வர்றதுக்கு ஏதாவது இருந்தாக் குடு பாப்பா... விரல வெச்சா ஓட்டல் வாசல் மிஷின் என்னைத் தெரியலங்குது.”