லிட்டருக்குப் பதினைந்து

"டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் காரு, சிட்டில பத்தைத் தாண்டாது மாப்ள" என்று ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மனைவியின் அண்ணன் ஹென்றி சிரிப்பார். இன்று அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எரிக் வண்டியைப் பூப்போல ஓட்டினான். மைலேஜுக்காக ஏசியையும் அணைத்துவிட்டான். ஹென்றிக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாத்தீங்களா மச்சான், பதினாலு காட்டுது. உங்க டர்போ இந்த டிராஃபிக்ல இவ்ளோ குடுக்குமா?"

ஹென்றி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பேசவில்லை. தோற்றவர் என்ன பேசுவார்?

ஸ்பீக்கரில் மனைவி ஷில்பா வந்தாள். "எங்க இருக்கீங்க?"

"தேனாம்பேட்டை சிக்னல்."

"இன்னுமா? வேகமா வாங்களேன். இங்க எல்லாரும் ரெடியா நிக்கிறாங்க."

"அழுத்தினா மைலேஜ் போயிடும்மா. அப்புறம் உங்கண்ணன் என்னை விடுவாரா?"

அடையாற்றில் வாசலுக்குள் திரும்பும்போது திரையில் பதினைந்து விழுந்தது.

"பதினஞ்சு மச்சான். இப்ப இன்னா சொல்றீங்க?"

ஹென்றியின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

நர்ஸ் உடையில் ஓடிவந்து கதவைத் திறந்தாள் ஷில்பா. பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். அண்ணனின் கழுத்தில் விரல் வைத்தவள் நிமிரவே இல்லை.

"நெஞ்சு வலிக்குதுன்னு உங்களைத்தானே கூப்பிட்டாரு."

"வாயுன்னு நெனச்சேன்..."

அணைக்க மறந்த எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பதினைந்து பதினாலாக இறங்கியது.