இருவருக்கு ஒரு டாங்கி

"ஒரு ஆளா உக்காந்து செஞ்சு முடிக்கிறது எதுவும் வேண்டாம்மா. ரெண்டு பேரு சேந்தாத்தான் ஆகும்ங்கிற மாதிரி இருந்தா எடுத்துக் காட்டு."

சனா நிமிர்ந்து பார்த்தாள். விருதுநகரில் அவள் ரிமோட் கார், விமானம் என்று மாதிரி வண்டிகள் விற்கிற கடை போட்டு மூன்று வருடம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமாக முடிகிறது எது என்றுதான் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் சொர்ணலட்சுமி. சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். ரிமோட்டில் ஓடுகிற பீரங்கி வண்டி வேண்டும், அதுவும் வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகக் கோத்துச் செய்கிற மாதிரி வேண்டும் என்றாள்.

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும்."

வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி. தம்பி சுந்தரபாண்டி. இருவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். தெருவில் யாருடைய பைக் மக்கர் பண்ணினாலும், மிக்ஸி ஓடாமல் நின்றாலும் மச்சானும் மச்சினனும் சேர்ந்துதான் பிரித்துப் போடுவார்கள். போன வருடம் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ஒரு சின்ன டாங்கி மணல்மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, கடையை மூடுகிறவரைக்கும் இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இதை நாமே செய்துவிடலாம் என்று வருகிற வழியெல்லாம் அதே பேச்சாம்.

"இப்ப எட்டு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அடுத்தடுத்த வீடு. இவுக வாசலுக்கு வந்தா அவன் உள்ள போயிருதான்."

சண்டையா என்று சனா தயங்கிக் கேட்டாள். சண்டை போட்டால்கூடத் தேவலை என்றாள் சொர்ணலட்சுமி. உன்னால்தான் என்று ஒருவரும் சொல்லவில்லையாம். என்னால்தான் என்று இரண்டு பேரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சனாவும் கேட்கவில்லை.

முதலில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள் சனா. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் வாங்குவது அதுதான். பாதி வேலை முடிந்தே வரும். ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிட்டு நாலு ஸ்க்ரூ முடுக்கி, பேட்டரி போட்டால் ஓடும். பிறகு வேண்டிய பாகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

"இதுக்கு ரெண்டாவது ஆளே வேண்டாமே" என்று ஒதுக்கினாள் சொர்ணலட்சுமி.

சனா உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். முழுக்க இரும்பு. இதில் ஒருவர் இரண்டு கையாலும் அடிப்பாகத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தை மாட்டி நட்டு முடுக்க வேண்டும்.

"நீங்க கேட்டது இதுதாங்க்கா. ஒரு ஆளால நிச்சயமா முடியாது."

சொர்ணலட்சுமி அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, இதுவும் சரிப்படாது என்றாள். சனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று இருந்தது.

கடைசியாக நடுத்தரமான ஒன்றை எடுத்தாள். உடம்பு பிளாஸ்டிக். சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற சங்கிலி மட்டும் இரும்பு. அது உதிரி உதிரியாக வரும். நூற்றைம்பதுக்கு மேல் கண்ணிகள். சனா இரண்டு கண்ணிகளை இடது கையில் சேர்த்துப் பிடித்து, குண்டூசி மாதிரி இருந்த ஒரு கம்பியை வலது கையால் துளைக்குள் செருகிக் காட்டினாள்.

"இன்னொரு தடவ செய்மா" என்றாள் சொர்ணலட்சுமி. சனாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் செய்யச் சொன்னாள்.

"இது எம்புட்டு நாளாகும்?"

"சங்கிலி மட்டுமே பத்து நாளு ஆகும்க்கா. மொத்தமா ரெண்டு, மூணு மாசம் பிடிக்கும்."

"இதையே குடுத்துரு."

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள் இருந்தன. ஒன்று இடது பக்கச் சங்கிலிக்கு, மற்றது வலது பக்கத்துக்கு. இரண்டையும் சேர்த்துத் தள்ளினால்தான் வண்டி நேராகப் போகும். பழகாதவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், ஒரே குச்சியில் எல்லாப் பக்கமும் ஓட்டுகிற ரிமோட்டும் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றாள் சனா. வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் சொர்ணலட்சுமி.

சனா பெட்டியை மூடிக் கயிறு கட்டினாள். ஆனால் மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவளிடம் உண்மையைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று தோன்றியது.

"அக்கா, மறைக்காமச் சொல்லிர்றேன். இந்தச் சங்கிலிய ஒரு ஆளே கோத்துரலாம். நான் இப்ப கோக்கலயா? அவுக ரெண்டு பேருல ஒருத்தரு வீம்புக்கு உக்காந்து தனியாவே முடிச்சிட்டா, நீங்க நெனச்சது நடக்காது."

சொர்ணலட்சுமி பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"முடியாதும்மா. பட்டாசு ரூம் வெடிச்சப்ப ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தாக. இவுகளுக்கு இடது கை போயிருச்சு. தம்பிக்கு வலது கை."