அடிக்கத் தெரியாதவன்

கடற்கரை மணல் கால்பந்துக் கோப்பைக்கான ஆட்டத்தின் கடைசி நிமிடம். எல் சால்வதோரும் குவாத்தமாலாவும் சமநிலையில் இருந்தன. பந்தோடு கோலை நோக்கி ஓடிய குவாத்தமாலாவின் ஓபேத்தை எல் சால்வதோர் வீரன் வில்பெர் வேண்டுமென்றே மணலில் தள்ளிவிட்டான்.

"அறிவிருக்காடா? சும்மா ப்ரீ கிக் கொடுத்துட்டியே," என்று எல் சால்வதோர் கோல்கீப்பர் சீறினான்.

"மணல் ஆட்டத்துல விழுந்தவன்தானே அடிக்கணும்? இவனுக்கு நின்ன பந்தை அடிக்க வராது. தெரிஞ்ச இடத்துல விசாரிச்சுட்டேன்."

பிறகு வில்பெர் ஓபேத்தின் பக்கம் திரும்பினான். "அடிடா. பந்து கடல்ல விழுந்தா நீயே நீந்திப் போய் எடுத்துட்டு வா."

ஓபேத் மணலைக் குவித்து அதன்மேல் பந்தை வைத்து அடித்தான். வலை அதிர்ந்தது.

கோப்பை குவாத்தமாலாவுக்குப் போனதும் வில்பெர் கூட்டத்துக்குள் பாய்ந்து, அந்த நாட்டுக் கொடியோடு நின்ற தன் தங்கை யானிராவை மறித்தான்.

"உன் புருஷனுக்கு நின்ன பந்தை அடிக்கத் தெரியாதுன்னு காலையில நீதானேடி சொன்னே?"

"ஆமா. கல்யாணத்துக்குக்கூட வராத அண்ணன், இன்னைக்குத்தான் முதல் தடவையா அவரைப் பத்தி விசாரிச்சே."

"அதுக்குப் பொய் சொல்லுவியா?"

"அவரைப் பத்தி எத்தனையோ நல்லது சொன்னேன், நீ ஒண்ணையும் நம்பலை. கெட்டதா ஒண்ணே ஒண்ணு சொன்னேன், உடனே நம்பிட்டே."