ஈயக் கசடு

சட்டியில் ஈயம் இளகத் தொடங்கியதும் பட்டறை முழுக்க அந்த நாற்றம் எழுந்தது.

தங்கமுத்து ஆசாரி மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எத்தனை வருஷம் ஆனாலும் இது மட்டும் அவருக்குப் பழகவில்லை. கருகிய மயிர், கொழுப்பு, சூட்டில் பொரியும் பழைய ரத்தம்.

மிட்டாதாருக்கு மூன்று ஊரும் ஒரு மோட்டார் காரும் உண்டு. ஈயம் வாங்க மட்டும் மனசு வராது. சுட்ட பன்றியை அறுத்து, உள்ளே தங்கிய குண்டைத் தோண்டி எடுத்து, அதையே உருக்கி மறுபடியும் வார்க்க வேண்டும். எச்சில் இலையை வழித்து நக்குகிற புத்தி என்று ஆசாரி மனசுக்குள் காறித் துப்பிக்கொள்வார். வெளியே துப்ப முடியாது. பட்டறை நிற்கிற இடமே மிட்டாதாருடையது.

தோண்டுகிற வேலை வேட்டையாள் மயில்சாமிக்கு. அவன் வாசலில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். மாசக்கணக்கில் சேர்த்துவைத்த ஈயத்தைக் கழுவக்கூட இல்லாமல், காய்ந்த சதையோடு கொண்டுவந்து கொட்டியிருந்தான்.

மிட்டாதாரின் துப்பாக்கி ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. அடியில் இருக்கும் கைப்பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தானாக வந்து நிற்கும். தோட்டாக்கள் குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு, முன்னதன் அடியில் பதித்த வெடிகேப்பில் முட்டிக்கொண்டிருக்கும்.

மூக்கு கூராக இருந்தால், சுடுகிற அதிர்ச்சியில் கேப்பைக் குத்திக் குழலோடு வெடித்துவிடும். பிடித்திருக்கிற கையும் போகும், முகமும் போகும். மிட்டாதாரே சொல்லி எச்சரித்தது இது.

ஆனால் துப்பாக்கியோடு வந்த கம்பெனி அச்சைத் தொலைத்தவரும் அவரேதான். ஆசாரி மாக்கல்லைக் குடைந்து செய்த அச்சில் குண்டு கூர்மூக்காகத்தான் விழும். வேறு அச்சு வெட்டலாமா என்று கேட்டதற்கு, அரம் எதற்கு இருக்கிறது என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு குண்டையும் அரத்தில் தேய்த்து மூக்கை மழுக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும்.

கரண்டியால் கசடை ஒதுக்கினார். ஈயம் கனம், அடியில் தங்கிவிடும். மற்றதெல்லாம் மேலே வரும். எலும்புச் சில்லு வந்தது. கருகிய தோல் வந்தது.

கூடவே ஒரு செம்புத் தகடும் மிதந்து வந்தது.

பன்றி வயிற்றில் செம்பு ஏது? இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் முக்கினார். நகத்தளவுதான் இருந்தது. நடுவில் கிழிந்து, குண்டைச் சுற்றி மடங்கிய வாக்கில் நெளிந்திருந்தது. ஓரத்தில் இரட்டைக் கோடு.

அவர் வெட்டிய தகடு அது. உடைந்த சொம்பின் விளிம்பிலிருந்து வெட்டி, சுருட்டித் தாயத்தாக்கி, தங்கை புருஷன் செங்கோடன் கழுத்தில் அவரே கட்டியது.

செங்கோடன் ஆடி மாதம் பட்டறைக்குக் கரி கொண்டுவர மலையடிவாரம் போனவன். திரும்பவில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு கண்டிக்கு ஓடிவிட்டான், ரயிலேறியதைப் பார்த்த ஆள் இருக்கிறது என்றார் மிட்டாதார். ஊர் நம்பியது. ஆசாரியும் நம்பினார். நம்பியதோடு விட்டாரா? அந்த நாயை நினைத்து அழுவதாக இருந்தால் இந்த வீட்டில் சோறு கிடையாது என்று தங்கை அத்தாயியிடம் சொல்லிவிட்டார்.

அத்தாயி அதற்கப்புறம் அழவில்லை. இதோ, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது.

புதரில் என்னமோ அசைந்தது, பன்றி என்று நினைத்து மிட்டாதார் சுட்டிருப்பார். அதையாவது கைத்தவறு என்று சொல்லலாம். ஆனால் செத்துக் கிடந்தவனைப் புரட்டிப்போட்டு, பன்றியை அறுக்கிற அதே கத்தியால் நெஞ்சைக் கிழித்து, ஒரு குண்டு ஈயம் வீணாகக் கூடாதென்று தோண்டி எடுத்திருக்கிறார்களே! இதைச் செய்தவன் சோறுதான் தின்கிறானா?

ஆசாரி சுவரோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார்.

நாற்றம் தாங்கவில்லை என்று நினைத்து மயில்சாமி சிரித்தான். அந்தக் கத்தி அவன் இடுப்பில்தான் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தகட்டை மடியில் செருகினார். சட்டியிலிருந்ததை அச்சில் வார்த்தார். செங்கோடனைத் துளைத்த ஈயமும் அதற்குள்தான் எங்கேயோ இருந்தது. ஆறினதும் எடுத்தார். காலித் தோட்டாக் கூடுகளில் புதுக் கேப்பை அடித்து, மருந்து அளந்து போட்டு, குண்டை வைத்து இறுக்கினார். கை தன்பாட்டில் வேலை செய்தது. அதுவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கடைசியில் வழக்கம்போல மெழுகும் கொழுப்பும் கலந்து பூசினார். இன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே அப்பி, ஒவ்வொரு மூக்கையும் கட்டைவிரலால் மழுங்க வழித்துவிட்டார்.

மயில்சாமி பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

"இன்னைக்கு வெரசா முடிச்சுப்போட்டீங்களே ஆசாரியாரே! பொழுது சாஞ்சிருமின்னு நெனச்சனுங்க."

"எசமானைக் கொழல் நெறையப் போட்டுக்கச் சொல்லு."

அவன் தெருக்கோடி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அன்றைக்குத் தொடவே தொடாத அரத்தைப் பெட்டிக்குள் தள்ளி மூடிவிட்டு, மடியிலிருந்த தகட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அத்தாயி இனி வாய்விட்டு அழலாம்.