பாலத்தில் வாங்கிய வசவு

“குடியை விடலேன்னா நான் எப்படி இருந்திருப்பேன்னு பாக்கணுமா? எங்க குமாரபாளையத்துச் சென்னியப்பனை வந்து பாருங்க! வேட்டி ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கமாக் கெடப்பான்!”

மேச்சேரிக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மதுவிலக்குப் பிரசாரம் என்றால் இப்போதெல்லாம் அர்த்தநாரி பேசாமல் நடப்பதில்லை. தறிக்காரன்தான், படிப்பு கிடையாது. ஆனால் குடித்துக் கெட்டுத் திருந்தியவன் சொன்னால் ஜனங்கள் கேட்டார்கள். மாலை போட்டார்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் சென்னியப்பன் கதையைச் சொல்லாமல் அவன் மேடையை விட்டு இறங்கமாட்டான்.

சென்னியப்பன் மேல் அவனுக்கு அத்தனை ஆத்திரம்.

சென்னியப்பனும் தறிக்காரன்தான். பத்து வருஷம் இரண்டு பேரும் ஒன்றாகக் குடித்தவர்கள். சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியதும் அர்த்தநாரி தவித்துப் போனான். கை நடுங்கிற்று, தூக்கம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நாள் ஓட்டினான்.

இருபத்தோராம் நாள் முடியவில்லை. காவேரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. அது கோயமுத்தூர் ஜில்லா, அங்கே கடை திறந்துதான் இருந்தது. சென்னியப்பன் தினமும் போய் வருவது ஊருக்கே தெரியும்.

பாலத்தில் அவனை எட்டிப் பிடித்தான் அர்த்தநாரி. “டேய் சென்னி, நில்றா. நானும் வாரேன்.”

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தான். அவனை ஏற இறங்க அளந்தான். பிறகு பாலமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“நீயா? என்கூடயா? ரெண்டு மொந்தைக்கே வாந்தியெடுத்து என் மேல உழுவற பய! பொண்டாட்டி கையால அடி வாங்கற பய! எனக்குச் சமமா உக்காந்து குடிக்க உனக்கு என்னடா யோக்கியதை இருக்குது? போடா ஊட்டுக்கு!”

நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளும் தள்ளினான். சந்தைக்குப் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள்.

அர்த்தநாரி கூனிக் குறுகித் திரும்பினான். ‘இவன் முன்னால ஒரு மனுசனா நின்னு காட்டறேன் பாரு’ என்று அன்றைக்கே சபதம் போட்டான். அதற்குப் பிறகு தொடவே இல்லை. ஆசை வரும்போதெல்லாம் அந்த வசவு ஞாபகத்துக்கு வரும். ஆசை அடங்கிவிடும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. உள்ளூர்க் கூட்டத்துக்குச் சில சமயம் சென்னியப்பனும் வந்து கடைசியில் நிற்பான். ஒரு தடவை அர்த்தநாரி அவனைப் பார்த்து விரலையே நீட்டிவிட்டான்.

“அதா நிக்கறாரு பாருங்க, நம்ம ஊரு மகாராசா!”

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மேச்சேரியிலிருந்து திரும்பி வந்த அன்று, வாசலிலேயே அர்த்தநாரியின் மனைவி சின்னாயி சொன்னாள்.

“சென்னியப்பண்ணன் போயிட்டாருங்க. வயித்துல நீர் கோத்துக்கிச்சாம். வெரசாப் போயி மொகத்தைப் பாத்துட்டு வாங்க.”

“குடிச்சே செத்தவனுக்கு நான் போய் மாலை போடவா? ஊரு என்ன பேசும்?”

“மனுசனே போனதுக்கப்பறம் என்னுங்க கோவம்?”

அவன் போகவில்லை. எடுத்து அடக்கம் செய்து மூன்று நாள் ஆன பிறகுதான், ஊர் வாய்க்குப் பயந்து துக்கம் கேட்கப் போனான்.

சென்னியப்பன் மனைவி முத்தாயம்மாள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நானும் மேடை மேடையாச் சொன்னேன் முத்தாயி. அவன் கேக்கலையே” என்றான் அர்த்தநாரி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்களைக் கடசியா ஒருக்காப் பாக்கோணும்னு கேட்டுட்டே இருந்தாருங்கண்ணா. மேச்சேரி போயிருக்கறீங்கன்னு சொன்னாங்க.”

“என்னையவா? பாலத்துல என்னைய அந்தப் பேச்சுப் பேசினவனா?”

“அன்னைக்கு அவரு ஆத்தைத் தாண்டவே இல்லீங்க. பாதிப் பாலத்துலயே திரும்பி வந்துட்டாரு. சோறு திங்கல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டுக் கொழந்தையாட்டம் அழுதாரு.”

“எதுக்கு?”

“‘இருவது நாளு தாக்குப் புடிச்சிருக்கறான் முத்தாயி. என்னால ஒரு நாளு முடியல. நல்லவிதமாச் சொன்னா அவன் திரும்பமாட்டான். அதான் அசிங்கமாப் பேசி அடிச்சுத் தொரத்தினேன். இனி அவன் எம் மூஞ்சில முழிக்கமாட்டான்’னு சொன்னாருங்க.”

அர்த்தநாரி தறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

“நான்... ஊரூராப் போயி அவனை...”

“தெரியுமுங்க. அன்னைக்குக் கூட்டத்துல நீங்க அவரைப் பாத்து விரலை நீட்டினப்ப, எனக்கு அடிவயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு நாலு கேள்வி கேக்கலாம்னு கெளம்பிட்டேன். அவருதான் கையைப் புடிச்சு நிறுத்தினாரு.”

“என்ன சொன்னான்?”

முத்தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“‘உட்று புள்ள, வையட்டும். என்னைய வையற வரைக்கும் அவன் குடிக்கமாட்டான்’னாருங்க.”