கட்டில் கிடந்த இடம்

"இன்னாடி இது, சுந்தரி கட்டில் வெளிய வராண்டாவுல கிடக்குது?"

தங்கச்சி சுந்தரியைப் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து ஆம்பூர் வந்த ரங்கம்மாள், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சுந்தரியின் மருமகள் தீபலட்சுமி ஹாலில் முட்டி போட்டு, கறுப்பு ரப்பர் ஷீட்டுகளை விரித்துக்கொண்டிருந்தாள். ஷூவுக்கு அடியில் ஒட்டுகிற ஷீட். ஷூ கம்பெனி ஊரான ஆம்பூரில் அதற்கா பஞ்சம்? சுவரோரம் மரப்பலகைகள் சாய்ந்திருந்தன.

"வாங்க பெரியத்தை. பாத்து, பலகை தடுக்கும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இன்னா பலகை?"

"டான்ஸ் ஆடறதுக்கு. வேணும்னா மாட்டிக்கலாம், வேணாம்னா கழட்டி வெச்சிடலாம்."

ரங்கம்மாளுக்கு வந்ததே கோபம்!

"டான்ஸா? என் தங்கச்சி புருஷன் போய் வருஷம் திரும்பல, அவ முட்டி வலியோட கிடக்கறா. அவ கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டு இங்க ஆட்டம் கேக்குதா?"

"கேக்குதுதான்."

தீபலட்சுமி நிமிரக்கூட இல்லை. ஷீட்டின் மேல் முதல் பலகையை வைத்தாள்.

"நீயெல்லாம் ஒரு மருமகளா? ஷூ கம்பெனி சிமெண்ட் தரையில நின்னு நின்னு தேஞ்ச காலுடி அது. அதை நீட்டிப் படுக்க இந்த வீட்ல இடம் இல்லையா?"

"எப்பப் பாரு படு படுன்னே சொல்லுங்க. பகல்ல இன்னாத்துக்குப் படுக்கணும்?"

"வாய் ஜாஸ்தியாய்டுச்சு உனக்கு. ராஜேஷ் ஷிஃப்ட் முடிஞ்சு வரட்டும், பேசிக்கறேன்."

"பலகையை ஆட்டோவுல ஏத்திக் கொண்டுவந்ததே அவர்தான்."

ரங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சுந்தரி பெற்ற பிள்ளையே பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டான். இனி அவளுக்கு அக்காவை விட்டால் யார்?

"அவளைக் கூப்புடு. இப்பவே என்கூட கூட்டிட்டுப் போறேன். என் வீட்ல மரியாதையா இருக்கட்டும்."

தீபலட்சுமியின் கை நின்றது. என்னவோ சொல்ல வாயெடுத்தவள், உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். கண் கலங்கிப்போயிருந்தது.

"அத்தை எங்கயும் வர மாட்டாங்க."

"அதைச் சொல்ல நீ யாரு?"

"என்னை இன்னா வேணா திட்டுங்க பெரியத்தை. பலகையை மட்டும் எடுக்க மாட்டேன்."

கடைசிப் பலகையை வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். மற்றதோடு கெட்டியாகப் பொருந்திக்கொண்டது.

"வெக்கங்கெட்டவ! மாமியாரை வெளிய தள்ளிட்டு ஆடப் போறாளாம்!"

ரங்கம்மாள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளறைக் கதவு திறந்தது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுந்தரி வந்தாள். காலில் சலங்கை. நேராக வந்து பலகைக்கு நடுவில் நின்றுகொண்டாள்.

"அவளைத் திட்டாதக்கா. சனிக்கிழமையானா கோயிலுக்குப் போறேன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் டான்ஸ் கிளாஸுக்குத்தான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினது நான். என் முட்டி நோவக்கூடாதுன்னுதான் ரப்பர் விரிச்சு பலகை போடறா. இங்க ஆடப் போறதும் நான்தான்!"