பலகையில் ஹெட்டி

எங்கள் கவுண்டியிலிருந்து, அதாவது எங்கள் மாவட்டத்திலிருந்து, லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போனவர்களின் எழுநூறு வருடத்துப் பெயர்கள் ஊர் மன்றத்துப் பலகையில் இருக்கின்றன. வென்றவர் பெயரை முதலில் சாக்பீஸில் எழுதி, பிறகு தங்கப்பூச்சு பூச வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அது என் வேலை.

வாக்குப்பதிவு அன்று மதியம் பலகையைத் துடைக்கப் போனேன். காலி வரியில் சாக்பீஸில் ‘ஹெட்டி கார்ட்ரைட்’ என்றிருந்தது. நான்கு முறை தோற்றவள், இந்தத் தேர்தலிலும் நிற்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“யோவ் கிளெம், நக்கலா? ஊர்ல பாதிப் பேரு இன்னும் ஓட்டே போடல.”

“நான் எழுதல, ஹெட்டி.”

“வால் நீட்டின ‘R’ எழுத்து. இது உங்கப்பா கையெழுத்தாச்சே?”

அப்பா இறந்து ஒன்பது வருடம்.

ஹெட்டி அழுத்தித் துடைத்தாள். கை வெள்ளையானது, பெயர் அழியவில்லை. அதற்குக் கீழே, அடுத்த இரண்டு தேர்தல்களுக்கான வரிகளிலும் அதே பெயர்.

“மில் தெருவுக்கு ஓட்டுக் கேக்க நான் இன்னும் போகவே இல்லய்யா!” என்று தன் மேல்கோட்டைக்கூட மறந்துவிட்டு ஓடினாள்.

மூன்று வரிக்கும் போதுமா என்று தங்கப்பூச்சு டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன்.